அங்கிட்டும் இங்கிட்டும்

ஷர்புதீன் அண்ணன் போன் செய்தபோது மணி ஒன்பதே முக்கால்.
சிம்மக்கல்லில் அவருக்கு ஃப்ளெக்ஸ் கடை,
ஆரப்பாளையத்தில் டயர் கடை மாடியில் நாங்கள்.
"ஒங்க புரோகிராம் ஃபைலைத் தொறக்க மாட்டேங்குதும்மா,
விடிஞ்சா பேனர் ஏத்தணும்."

கோப்பின் பெயர்:
ஆடி 50% தள்ளுபடி.

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது.
முகவரியாகக் கிளம்பும்போது 'ஆ' மூன்று துண்டு,
'டி' ஆறு துண்டு,
துண்டுக்கொரு விழுக்காட்டுக் குறி முன்னால்.
வெற்றிடத்துக்கும் ஒன்று.
விழுக்காட்டுக்கே ஒரு விழுக்காடு.
கட்டியது ஒருமுறைதான்.
துளசிராமின் ஃபங்ஷன் அவிழ்த்தது,
அவிழ்ந்ததை என் ஃபங்ஷன் மறுபடி அவிழ்த்தது.
ஐம்பதுக்குப் பின்னால் சும்மா நின்ற அசல் குறியைப்
பொட்டலம் என்று பிரிக்கப்போய்
உள்ளே ஒன்றுமில்லாமல் முழித்தது.

சி மொழியில் பாதையும் சரம், முகவரியும் சரம்.
இரண்டுக்கும் வாலில் ஒரே சுழியம்.
உள்ளே போவது வெந்ததா வேகாததா என்று
குக்கருக்கு என்ன கவலை.

"அதை விடு," என்றான் துளசிராம்.
மகால் பக்கம் பிறந்தவன், சந்துகளில் நம்பிக்கை உள்ளவன்.
"பாதையில ரெண்டு புள்ளி வந்தா முன்னாடி இருக்கிற பேரை அடிச்சிரு.
சந்துக்குள்ள போய்த் திரும்பி வந்தா
போகாத மாதிரிதானே?"
எழுத்தாகப் பார்த்தால் சரி.
நானும் தலையாட்டி இருந்தேன்,
மூன்று மாதத்துக்கு முன்னால், இதே நாற்காலியில்.

அவன் ஸ்கூட்டரில் கிளம்பினோம்.
வடக்கு மாசி வீதியில் வண்டியை விட்டு
ஒரு பாத்திரக் கடைக்குள் நுழைந்தான்.
குறுக்கு வழியாம்.
அண்டாக்களை ஒதுக்கி, கிடங்கைத் தாண்டி, பின்வாசல்.
எதிரே ஷர்புதீன் அண்ணன், கையில் இரண்டு டீ.

அவர் கணினியில் 'ஆர்டர்' என்ற உறைக்குள் போனேன்.
அங்கிருந்து ஒரு படி மேலே கேட்டேன்.
வந்த இடத்துக்கு வரவில்லை.
போன தீபாவளிக்கு வாங்கிய இரண்டாவது டிஸ்க்கில்
யாருடைய கல்யாணப் படங்களுக்கோ நடுவே நின்றேன்.
'ஆர்டர்' ஓர் உறையே இல்லை,
வேறெங்கோ விரல் நீட்டும் பலகை.

திரும்பும்போது பாத்திரக் கடை ஷட்டர் இறங்கியிருந்தது.
"அங்கிட்டுப் போனா யானைக்கல்லு, இங்கிட்டுப் போனா ஆத்தோரம்,"
என்றார் பூட்டிக்கொண்டிருந்தவர்.
துளசிராம் என்னைப் பார்க்கவில்லை.
ஸ்கூட்டரை அடைய இருபது நிமிடம்.
வழியெல்லாம் வாயைத் திறக்காமல் வந்தான்,
அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

இரவு இரண்டு மணிக்கு,
அண்ணன் கொடுத்த வீணாய்ப்போன ஃப்ளெக்ஸின் முதுகில் எழுதினேன்:
பாதைக்கு ஒரு ஸ்ட்ரக்ட், முகவரிக்கு இன்னொன்று,
ஒன்றின் இடத்தில் ஒன்று வந்தால் கம்பைலர் கத்தட்டும்.
எழுத்தை மட்டும் பார்ப்பது இரட்டைப் புள்ளியைத் தொடாது.
தொட வேண்டுமென்றால் டிஸ்க்கைப் போய்க் கேட்டுவிட்டு வா.
நினைவகத்தை யார் விடுவிப்பது?
அந்த இடத்தைக் காலியாக விட்டேன்,
அதற்கு நாளை ஒரு சண்டை இருக்கிறது.

உள்ளூர்க் கோப்பின் முகவரியில் மூன்று சாய்கோடு.
மூன்றாவது, வேர்.
இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே
ஊர்ப்பெயர் எழுத வேண்டிய இடம்.
அங்கே யாரும் எதுவும் எழுதுவதில்லை.
எழுதாவிட்டால் இந்த ஊர் என்று அர்த்தம்.
அதை மட்டும் மாற்றத் தோன்றவில்லை.

காலையில் அண்ணனின் குரல்:
"தொறந்துருச்சும்மா, சூப்பர்.
ஆனா மொதலாளி நாப்பதுனு மாத்தச் சொல்லிட்டாரு.
பேரையும் மாத்திட்டேன்.
இப்ப திரும்பத் தொறக்க மாட்டேங்குது."
"என்ன பேர் வச்சீங்க?"
"ஆடி 40%, சாய்கோடு, புதுசு."